இந்த வருசம் எனக்குன்னு ஒரு இலக்கு

(ஜனவரி மாதக் குழுக் கூட்டத்தில் வாசித்துக் கலந்து பேசுவதற்கான பாடம்)

 

புதுக் காலண்டர் மாட்டியாச்சு. மாட்டும்போதே நம்ம வாயில் ஒரு வார்த்தை வந்துவிடும். "இந்த வருசமாவது..." என்ற வார்த்தைதான் அது. இந்த வருசமாவது அடகுல கிடக்கிற கம்மலைத் திருப்பணும். இந்த வருசமாவது கண்ணைக் கொண்டுபோய்க் காட்டணும். இந்த வருசமாவது பேங்க்ல சீட்டை நானே எழுதிக் குடுக்கணும். இப்படிச் சொல்லாத பெண் நம்ம குழுக்களில் யாரும் இல்லை.

தை பிறந்து, மாசி வந்து, வேலை சூடு பிடித்ததும் அந்த வார்த்தை எங்கே போனதென்று நமக்கே தெரியாது. மறுபடி டிசம்பரில்தான் ஞாபகம் வரும். அதே வார்த்தையை அடுத்த காலண்டர் முன்னாலும் சொல்வோம்.

"இந்த வருசமாவது" என்பது ஆசை. அதை எப்படி இலக்கு ஆக்குவது, ஆக்கிய இலக்கை வருசம் முழுக்க எப்படிக் காப்பாற்றுவது? இதுதான் இந்த மாதப் பாடம்.

நாங்கள் செய்த ஒரு தப்பு

பாடத்துக்கு முன்னால் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். போன ஜனவரியிலும் கூட்டமைப்புப் பயிற்சியில் இலக்கு பற்றிப் பேசினோம். அப்போது என்ன செய்தோம்? ஆளுக்குப் பத்து இலக்கு எழுதச் சொன்னோம். எல்லாருடைய பெயரையும் பெரிய சார்ட்டில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டினோம். மாசா மாசம் செய்தவருக்குப் பச்சை மை, செய்யாதவருக்குச் சிவப்பு மை.

ஆடி மாதம் வந்தபோது சார்ட் முழுக்கச் சிவப்பு. ஆவணியில் ஒரு சகோதரி கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர். சேமிப்பும் கடன் தவணையும் ஒரு மாதமும் தவறாதவர். எதனால் வரவில்லை என்று வீட்டுக்குப் போய்க் கேட்டோம்.

"துட்டு கட்ட முடியலையேன்னு எனக்கு வெக்கமில்ல மதினி. மாமியாருக்கு மருந்து வாங்குனேன், அதான் கம்மலுக்குக் கட்ட முடியல. ஆனா போறவ வாறவ எல்லாம் என் பேருக்கு நேரா செவப்பு மையைப் பாக்குதாளே, அதுதான் தாங்கல" என்றார்.

அன்றைக்கு சாயங்காலமே சார்ட்டைக் கழற்றிவிட்டோம். உட்கார்ந்து யோசித்தபோது மூன்று தப்பு தெரிந்தது. ஒன்று, ஒரே நேரத்தில் பத்து இலக்கு வைத்தது. இரண்டு, எல்லா மாசமும் ஒரே மாதிரி வருமானம் வரும் என்று நினைத்தது. மூன்று, துணை நிற்க வேண்டிய இடத்தில் மார்க் போட்டது. இந்த வருசப் பாடத்தை இந்த மூன்றையும் சரிசெய்துதான் தயார் செய்திருக்கிறோம்.

முதல் படி: ஒன்றே ஒன்று, அதுவும் எனக்காக

"உங்க இலக்கு என்ன?" என்று கேட்டால் நம்மில் பத்துக்கு எட்டுப் பேர் சொல்வது என்ன? மகள் கல்யாணம், மகன் காலேஜ், வீட்டுக்குக் கான்கிரீட். இவை எல்லாம் நல்ல இலக்குதான், ஆனால் குடும்பத்தின் இலக்கு. குடும்பமே சேர்ந்து சுமக்க வேண்டியது. "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் கொஞ்ச நேரம் பேச்சு வராது. "எனக்கென்ன வேண்டிக் கிடக்கு" என்று முடித்துவிடுவோம்.

எனக்கென்று ஒன்று கேட்பது சுயநலமா? இதற்குப் பதில் சொல்ல நம்ம தமிழ்நாட்டிலேயே ஒரு நடந்த கதை இருக்கிறது.

1991-92-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்துக் கற்றுக்கொடுக்கிற இயக்கம். அப்போது அங்கே கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று முடிவானது. கிராமத்துப் பெண்கள், விவசாயக் கூலிக்குப் போனவர்கள், கல்குவாரியில் வேலை செய்தவர்கள், ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. அதற்காக யாரும் காத்திருக்கவில்லை. ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகினார்கள். கேலி பேச்சு இல்லாமலா இருந்திருக்கும்? இருந்தது. ஆனாலும் விடவில்லை.

அந்தப் பெண்கள் "குடும்பத்துக்காக" என்று சைக்கிள் பழகவில்லை. தனக்காகத்தான் பழகினார்கள். பலன் வீட்டுக்கும் வந்தது. தண்ணீர் எடுக்கவும், விளைந்ததைப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய் விற்கவும், பிள்ளையை வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்று ஆனது. பஸ்ஸுக்காகக் காத்துக் கிடந்த நேரம் மிச்சமானது. அம்மா தலைநிமிர்ந்து நடந்தால் வீடும் கூடவே நிமிரும்.

ஆகவே முதல் படி இதுதான். ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அது உங்களுக்காக இருக்கட்டும். நம்ம குழுக்களில் நாங்கள் கேட்டதில் வந்த சில இலக்குகள் இவை:

• கையெழுத்துப் போட, வங்கிச் சீட்டு நிரப்பப் பழகுவது.
• ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது. உப்பள வெயிலில் கூசுகிற கண்ணைப் பரிசோதிப்பது.
• அடகு நகையைத் திருப்புவது.
• செல்போனில் பணம் அனுப்ப, வந்த பணத்தைப் பார்க்க அடுத்தவர் உதவி இல்லாமல் பழகுவது.
• மழை மாதத்துக்கு என்று தனியாகச் சேமிப்பது.

தேர்ந்தெடுத்த பிறகு உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். "அது முடிஞ்சதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" உடம்பை நல்லாப் பார்த்துக்கணும் என்றால் அது முடிந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. மார்ச் மாதத்துக்குள் ஒரு முறை, செப்டம்பருக்குள் இன்னொரு முறை சர்க்கரை பார்க்கணும் என்றால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். எண்ண முடிந்தால்தான் இலக்கு.

இரண்டாம் படி: நம்ம கரையோட வருசத்தைப் பாருங்கள்

காலண்டரில் பன்னிரண்டு மாதமும் ஒரே அளவுக் கட்டம்தான். நம்ம தூத்துக்குடிக் கரையில் எந்த மாசமும் இன்னொரு மாசம் மாதிரி இருப்பதில்லை.

உப்பளத்துக்குப் போகிறவர்களுக்கு வருசம் பொங்கலை ஒட்டித்தான் தொடங்குகிறது. மழைத் தண்ணியை வடித்து, பாத்தியைச் செப்பனிட்டு, பிறகுதான் உப்பு வாருகிற வேலை. செப்டம்பர் வரை வேலை இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை இறங்கினால் உப்பளம் மூடிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூலி கிடையாது. இந்த மாதங்களுக்காகத்தான் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. நிவாரணம் உதவிதான். ஆனால் மூன்று மாதத்துக்கு அடுப்பெரிய அது மட்டும் போதாது.

விசைப்படகு மீனை நம்பி வியாபாரம் செய்கிற சகோதரிகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். நாட்டுப்படகு, வள்ளங்களுக்குத் தடை இல்லை என்றாலும் ஏலக்கூடத்தில் வரத்து குறையும், விலை ஏறும், கூடைக்குக் கிடைக்கிற லாபம் இறங்கும். தடைக்காலம் முடிகிற நேரமும் பள்ளிக்கூடம் திறக்கிற நேரமும் ஒன்றாக வந்து நிற்கும்.

பனைத் தொழில் குடும்பங்களுக்கு இதற்கு நேர் மாறு. வெயில் காலத்தில்தான் பதநீர். உடன்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சுகிற சகோதரிகளுக்கு அடுப்படியை விட்டு எழுந்திருக்க நேரமில்லாத மாதங்கள் அவை. அந்த மாதங்களில் "எழுத்துப் படிக்கப் போறேன்" என்று இலக்கு வைத்தால் நடக்குமா? துட்டு சேர்க்கிற இலக்கு என்றால் நடக்கும்.

செலவுக்கும் மாதம் உண்டு. பொங்கல், பள்ளிக்கூடம் திறப்பு, ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா, குலசை தசரா, தீபாவளி, கிறிஸ்துமஸ். கல்யாண மொய்யைக் கேட்கவே வேண்டாம்.

அதனால் இலக்கு வைப்பதற்கு முன்னால் ஒரு தாளில் பன்னிரண்டு கட்டம் போடுங்கள். வரவு நல்லா உள்ள மாதத்துக்கு இரண்டு புளியங்கொட்டை, சுமாரான மாதத்துக்கு ஒன்று, கையில் ஒன்றுமில்லாத மாதத்துக்குக் காலி. கொட்டை உள்ள மாதத்தில் துட்டு இலக்கு. காலி மாதத்தில் படிப்பு, பரிசோதனை, தொழில் பழகுவது. மழை மாதத்தில் கூலி இல்லை, ஆனால் நேரம் இருக்கிறதே!

போன வருசம் சார்ட்டில் ஐப்பசிக் கட்டத்திலும் "நகைக்கு 500 ரூபாய்" என்று எழுத வைத்தது எங்கள் தப்புதான். உப்பளம் மூடிக் கிடக்கிறபோது அவர் எதில் எடுத்துக் கட்டுவார்?

மூன்றாம் படி: பெரிசைச் சின்னதா நறுக்குங்கள்

நம்ம ஊர்த் துறைமுகத்துக்கு 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயர். கப்பலோட்டிய தமிழன் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அவர் கப்பலுக்குத் துட்டு சேர்த்த விதம் நமக்கு ஒரு பாடம்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளைக்காரக் கம்பெனிக் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம். நமக்கென்று ஒரு கப்பல் வேண்டும் என்பது அவர் இலக்கு. 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார்கள். முதலீடு 10 லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் 10 லட்சம் என்றால் நினைத்தே பார்க்க முடியாத தொகை. அதை அவர்கள் 40,000 பங்காக நறுக்கினார்கள். பங்கு ஒன்று 25 ரூபாய். 10 லட்சத்தைக் கண்டு மலைக்கிறவர்கூட 25 ரூபாயைக் கண்டு மலைக்க மாட்டார் அல்லவா? ஊர் ஊராகப் போய்ப் பங்கு சேர்த்தார். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன.

நம்ம சேமிப்பும் இதே கணக்குதான். ஒரு உதாரணம் பார்ப்போம். உப்பளத்துக்குப் போகிற ஒரு சகோதரிக்கு மழை மாதங்களுக்கு 6,400 ரூபாய் வேண்டும்.

• வேலை உள்ள காலம்: பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை 8 மாதம்.
• மாதத்துக்கு: 800 ரூபாய்.
• வாரத்துக்கு: 200 ரூபாய். 32 வாரத்தில் 6,400 ரூபாய்.
• அந்த எட்டு மாதத்தில் 34 வாரம் இருக்கிறது. அதாவது இரண்டு வாரம் கட்ட முடியாமல் போனாலும் இலக்கு தப்பாது.

அந்த இரண்டு வாரத்தை மறக்காதீர்கள். ஒரு வாரம் காய்ச்சல், ஒரு வாரம் சாவு வீடு. வராமலா போகும்? கணக்கிலேயே அதற்கு இடம் விட்டுவிட வேண்டும்.

சேமிக்காவிட்டால் என்ன ஆகும்? அதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மழையில் அதே 6,400 ரூபாயை நூற்றுக்கு அஞ்சு வட்டிக்கு வெளியில் வாங்கினால் மாத வட்டி 320 ரூபாய். அசலைத் திருப்ப ஒரு வருசம் ஆனால் வட்டி மட்டும் 3,840 ரூபாய். குழுக் கடனாக நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கினால் வருசத்துக்கு 768 ரூபாய். சேமித்து வைத்திருந்தால் ஒரு பைசா வட்டி இல்லை. உப்பு வாரிய கூலியில் 3,840 ரூபாய் எத்தனை நாள் வேலை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அத்தனை நாள் வெயிலும் வட்டிக்காரருக்காக நின்ற வெயில்.

இந்தச் சேமிப்பை வழக்கமான சந்தாவோடு கலக்க வேண்டாம். பாஸ்புக்கில் "மழைக்காலச் சேமிப்பு" என்று தனிப் பத்தி போடச் சொல்லி ஊக்குநரிடம் கேளுங்கள். இதை அக்டோபரில்தான் எடுப்பது என்று குழுவில் தீர்மானம் எழுதுங்கள். வீட்டில் டப்பாவில் வைத்தால் டப்பாவுக்கு நூறு கை!

துட்டு இல்லாத இலக்கையும் இதே மாதிரி நறுக்கலாம். கையெழுத்து என்றால் முதல் மாதம் பெயரின் முதல் எழுத்து, இரண்டாம் மாதம் முழுப் பெயர், மூன்றாம் மாதம் ஒன்று முதல் நூறு வரை எண், நான்காம் மாதம் வங்கிச் சீட்டு.

நான்காம் படி: கயிறு பிடிக்க ஒருத்தி

நம்ம கடலுக்கு முத்துக் கடல் என்று பெயர். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனாலும் பெரியவர்கள் சொன்ன கதை நம்ம வீடுகளில் இருக்கிறது. சங்கு குளிக்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

முத்துக்குளிப்பு எப்படி நடந்தது? முதலில், நினைத்த வருசமெல்லாம் இறங்கிவிட மாட்டார்கள். முத்துப்பாரைப் பரிசோதித்து, கொஞ்சம் சிப்பி எடுத்து அறுத்துப் பார்த்து, விளைந்திருந்தால்தான் குளிப்புக்கு அறிவிப்பு வரும். நாம் இரண்டாம் படியில் பார்த்த மாதக் கணக்கு இதுதான்.

அடுத்து, குளிக்கிறவர் தனியாக இறங்குவதில்லை. கல்லைக் காலில் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழேயிருந்து கயிறு அசைந்த உடனே இழுக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் உயிர் போய்விடும். அதனால் கயிறு பிடிக்க மச்சானைத்தான், அதாவது மனைவியின் கூடப்பிறந்தவனைத்தான், நிறுத்துவார்கள் என்று நம்ம பக்கம் சொல்வார்கள். தங்கச்சி தாலி நிலைக்க வேண்டுமே என்ற கவலையில் அவன் கை கயிற்றை விடாதாம்.

இலக்கு வைத்த ஒவ்வொரு சகோதரிக்கும் இப்படிக் கயிறு பிடிக்க ஒருத்தி வேண்டும். குழுவுக்குள்ளேயே இரண்டு இரண்டு பேராகச் சேருங்கள். நீங்கள் அவருக்குக் கயிறு, அவர் உங்களுக்குக் கயிறு. கயிறு பிடிக்கிறவர் செய்ய வேண்டியது மூன்றே மூன்று.

1. வாரம் ஒரு தடவை கேட்க வேண்டும். "ஏளா, இந்த வாரம் போட்டியா?" "யக்கா, ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?" அவ்வளவுதான்.
2. இல்லை என்று பதில் வந்தால் "ஏன்?" என்று அதட்டக் கூடாது. "அடுத்த வாரம் நடக்க நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்க வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன், கூட வருகிறேன், இப்படி ஏதாவது ஒன்று.
3. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. கயிறு அசைவது இரண்டு கைக்கு மட்டும்தான் தெரிய வேண்டும்.

ஜோடி சேரும்போது இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். மாமியாரும் மருமகளும் ஜோடி வேண்டாம். ஒருவருக்கொருவர் கைமாத்து பாக்கி உள்ளவர்களும் ஜோடி வேண்டாம். நல்ல பேச்சும் அங்கே வேறு மாதிரி காதில் விழும்.

ஐந்தாம் படி: அறுந்தால் தைப்பது

எவ்வளவு யோசித்து வைத்தாலும் இலக்கு அறுகிற நாள் வரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நாம் மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. வீடு, உப்பு, ஆடு, படகு, பாத்திரம் எல்லாம் தண்ணியோடு போன நாள். அந்த வருசம் வைத்த எந்த இலக்கு நின்றது? அதற்கு நாம் பொறுப்பா?

வலை கிழிந்தால் நம்ம வீட்டு ஆண்கள் என்ன செய்கிறார்கள்? வலையைக் கடலில் எறிந்துவிட்டு வருவதில்லை. கரையில் உட்கார்ந்து, கிழிந்த கண்ணை மட்டும் தைக்கிறார்கள். நல்லா இருக்கிற கண்ணைப் பிரிப்பதில்லை. நாமோ ஒரு வாரம் தவறினால் "எல்லாம் போச்சு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று முழு வலையையும் எறிந்துவிடுகிறோம். பன்னிரண்டு வாரம் கட்டியது கட்டியதுதான். பதிமூன்றாம் வாரம்தான் கிழிசல்.

வ.உ.சி. கதையையும் முழுசாகச் சொல்ல வேண்டும். எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. 1908-ல் அவரைக் கைது செய்தார்கள். முதலில் கொடுத்த தண்டனை இரட்டை ஆயுள், மேல்முறையீட்டில் குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கு இழுக்க வைத்தார்கள். அவர் உள்ளே இருக்கும்போதே, 1911-ல், கம்பெனி மூடப்பட்டது. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கப்பல் இல்லை. இலக்கு தோற்றதா? கப்பல் போனது உண்மை. ஆனால் நம்மாலும் கடலில் கப்பல் விட முடியும் என்று காட்டியது போகவில்லை. சிறையிலும் அவர் சும்மா இருக்கவில்லை, எழுதினார். மனம் எப்படியோ வாழ்வு அப்படி என்று சொல்கிற ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் புத்தகத்தை "மனம் போல வாழ்வு" என்று தமிழில் கொடுத்தவரும் அவர்தான். கப்பல் ஓட்ட முடியாத இடத்தில் அவரால் எழுத முடிந்தது. அன்றைக்கு முடிந்ததை அன்றைக்குச் செய்தார்.

இலக்கு அறுந்தால் மூன்று வழி உண்டு. தொகையைக் குறைக்கலாம். காலத்தைத் தள்ளலாம். கொஞ்ச நாள் நிறுத்திவைத்து, திரும்பத் தொடங்குகிற தேதியைக் கயிறு பிடிக்கிறவரிடம் சொல்லி வைக்கலாம். தேதி சொல்லாமல் நிறுத்தினால் அது நிறுத்தம் இல்லை, கைவிட்டதுதான்.

கூட்டத்தில் செய்ய வேண்டிய பயிற்சி (ஒரு மணி நேரம்)

1. எல்லோரும் வட்டமாக உட்காருங்கள். பாடத்தை ஒருவர் நிறுத்தி நிறுத்தி வாசிக்கட்டும்.
2. ஆளுக்கு ஒரு தாளில் பன்னிரண்டு கட்டம் போட்டுப் புளியங்கொட்டை வையுங்கள். எழுதத் தெரிய வேண்டியதில்லை. தாள் இல்லாவிட்டால் தரையில் சாக்பீஸ் போதும்.
3. கண்ணை மூடி ஐந்து நிமிடம் யோசித்து ஒரே ஒரு இலக்கைத் தேர்ந்தெடுங்கள். சத்தமாகச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.
4. இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து, ஒருவர் காதில் ஒருவர் இலக்கைச் சொல்லுங்கள். எண்ண முடிகிறதா, மாதம் பொருந்துகிறதா என்று ஜோடி சரிபார்க்கட்டும்.
5. வாரா வாரம் நடந்ததற்கு அடையாளமாக வீட்டில் ஒரு பாட்டிலில் ஒரு சிப்பி போடுங்கள். நடக்காத வாரம் எதுவும் போட வேண்டாம். சிவப்பு மை வேண்டவே வேண்டாம்.
6. ஜூன் மாதக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி ஜோடிகள் மட்டும் தனியாகப் பேசிக்கொள்ளட்டும்.

ஊக்குநர், பிரதிநிதிகள் கவனத்துக்கு: தனி இலக்குக்கு அபராதம் கிடையாது. இலக்கு முடிக்காததைக் காரணம் காட்டிக் கடனை மறுக்கக் கூடாது. இதைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

கலந்து பேச

• போன வருசம் "இந்த வருசமாவது" என்று சொன்னது என்ன? எந்த மாதத்தில் விட்டுப்போனது? அந்த மாதத்தில் வீட்டில் என்ன நடந்தது?
• நம்ம குழுவில் எத்தனை பேருக்கு மழை மாதம் காலிக் கட்டம்? எத்தனை பேருக்குத் தடைக்காலம் காலிக் கட்டம்? ஒருவர் காலி மாதத்தில் இன்னொருவர் எப்படிக் கைகொடுக்கலாம்?
• எனக்கென்று ஒரு இலக்கு வைத்தால் வீட்டில் என்ன சொல்வார்கள்? அதற்கு நாம் என்ன பதில் சொல்லலாம்?

முடிவாக

கூட்டத்துக்கு வராமல் நின்ற அந்தச் சகோதரி புரட்டாசியில் திரும்ப வந்தார். கம்மல் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. ஆனால் வட்டியை முழுசாகக் கட்டி, அசலில் பாதியையும் கட்டிவிட்டார். டிசம்பர் கூட்டத்தில் இந்தப் பாடத்தை அவரிடம்தான் முதலில் படித்துக் காட்டினோம். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்தக் கயிறு விஷயம் நல்லாருக்கு. எனக்கு யாரு பிடிக்கப் போறா?" என்றார். பக்கத்தில் இருந்த அக்கா அவர் கையைப் பிடித்து, "நான்தான், வேற யாரு" என்றார்.

இந்த ஜனவரிக் கூட்டத்தில் உங்கள் பக்கத்தில் உட்காருகிறவரிடமும் கேளுங்கள். வருசம் முழுக்கக் கயிறு பிடிக்க ஒரு கை கிடைத்தால் போதும். மிச்சத்தை நாம் பார்த்துக்கொள்வோம்.

அன்புடன்,
கூட்டமைப்புப் பயிற்சிக் குழு